இது என் வட்டம்

ஆண்டு விழாவுக்கு மற்ற வகுப்பெல்லாம் குத்துப்பாட்டுக்கு ஆட, எஸ்தர் டீச்சர் மட்டும் தன் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டைப் பழக்கியிருந்தாள். மேடையில் சாக்பீஸ் வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு பிள்ளை. யாராவது தொட வந்தால், "இது என் வட்டம். தொடாதீங்க!" என்று கத்த வேண்டும். கத்தினால் எப்பேர்ப்பட்டவரும் நின்றுவிடுவார் என்று சொல்லியிருந்தாள். ஒத்திகையில் வாட்ச்மேன் ஏழுமலையே பயந்து பின்வாங்கியதால் பிள்ளைகள் அதை முழுசாக நம்பிவிட்டார்கள்.

விழாவன்று, போர்த்திய பொன்னாடையோடு எழுந்து வந்த சிறப்பு விருந்தினர், முதல் வட்டத்தில் நின்ற ஓவியாவின் கன்னத்தைக் கிள்ளினார். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே அவள் கத்தினாள்.

"அடி என் செல்லமே, என்னா அழகா சொல்லுது பாரு!" என்று அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கத்தக் கத்த, கைதட்டல் கூடிக்கொண்டே போனது. அவள் அம்மாதான் முதலில் எழுந்து நின்று தட்டினாள்.

"டீச்சர், பாப்பாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றார் போட்டோகிராபர்.

ஓவியா டீச்சரைப் பார்த்தாள். தாளாளரும் டீச்சரைத்தான் பார்த்தார்.

"சிரிம்மா" என்றாள் எஸ்தர்.

ஓவியா சிரித்தாள். மற்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வட்டத்தை விட்டு வெளியே வந்து, கன்னத்தைத் தூக்கிக் காட்டியபடி வரிசையில் நின்றார்கள்.