உதடும் குரலும்

நேர்காணல் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நெகேசாவுக்கு உள்ளங்கை வியர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“அடுத்த கேள்வி கேளுங்க, மேடம்” என்றான் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த கோயெச்.

ஆமாம், கேள்வி கேட்க வேண்டியவளே அவள்தான்! நைரோபியில் இருக்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பது அவள் பொறுப்பு. முதலாளி முவாங்காங்கி இதற்கெல்லாம் வரவே மாட்டார்; நேர்காணலின் பதிவைத்தான் பிறகு கேட்பார். இன்றைக்குச் சாவி எடுக்க உள்ளே வந்தவர், கோயெச்சின் முதல் பதிலும் சிரிப்பும் காதில் விழுந்ததும் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

“ஒரே நேரத்துல பத்தாயிரம் பேர் பஸ் டிக்கெட் எடுத்தா சர்வர் படுத்துக்குமே?”

“ஹெஹ்ஹே! படுக்க விடுவேனா மேடம்?”

பதில் அருவியாகக் கொட்டியது. ஆனால் கோயெச்சின் உதடு மட்டும் அரை வார்த்தை பின்னால் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா என்ன? மூன்று வருஷத்துக்கு முன் இதே கம்பெனியின் நேர்காணலில் அவள் வெறும் வாயைத்தான் அசைத்தாள். கேமராவில் விழாமல் அலமாரி ஓரம் நின்று, பெண் குரலில் பதில் சொன்னவர் ஒபுயா; சிரிப்பை மட்டும் அவரால் மாற்ற முடியாது. பட்டம் இல்லையென்று யாரும் வேலை தராத மனிதர், அடுத்தவருக்காகப் பேசியே பிழைக்கிறார்.

வேலையை அப்புறம் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டாள், அது வேறு விஷயம். அடுத்தவர் வாயால் வாங்கிய சோறு என்ற உறுத்தல் மட்டும் போகவேயில்லை. கோயெச்சின் முகத்தில் அன்றைய தன் பயம் அப்படியே தெரிந்தது. ஆனால் இவனை உள்ளே விட்டு, நாளைக்கு ஒபுயா பெயர் வெளியே வந்தால்? வெள்ளிக்கிழமை அவளுடைய கான்ட்ராக்டையே புதுப்பிக்க வேண்டும்.

திரை அணைந்தது. “எப்படி?” என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமலே.

“ஏமாத்துறான் சார். உதடு ஒண்ணு, குரல் ஒண்ணு. வேற யாரோ பேசுறாங்க. வேணாம்.”

சொல்லி முடித்ததும் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அடிப்பாவி, இதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பையனை விடு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைக் கூட்டிட்டு வா. மூணு வருஷமா தேடுறேன்.”

“யாரை சார்?”

“அன்னிக்கு இன்டர்வியூல உனக்காகப் பேசினவனைத்தாம்மா.”