பாதியில் நின்ற எலி

பெரிய கம்பெனி இன்டர்வியூவில் விடை மட்டும் போதாது. யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியபடியே புரோகிராம் எழுத வேண்டும். அதனால் நிறைமதி ஹாஸ்டல் அறையில் நான்கு மாதமாகத் தனியே பேசிப் பழகினாள். அறைகளுக்கு நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். வேலை உறுதியென்று மெயில் வந்த நிமிடமே பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் பக்கத்து அறை ஜெசிந்தா கதவைத் தட்டினாள். பிரசவ வார்டு நர்ஸ், சீருடைகூட மாற்றவில்லை.

"என்னடி, மூணு நாளா சத்தமே காணோம்?"

"வேலை கெடச்சிருச்சுக்கா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

ஜெசிந்தா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகும் போகாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த எலி வெளிய வந்துச்சா?"

"எந்த எலி?"

"கடைசியாப் போட்ட கணக்குல, கட்டம் கட்டமா வழி தேடிப் போச்சே. இடது பக்கம் அடைச்சிருக்குன்னு சொன்ன, அதோட விட்டுட்ட. டூட்டியிலயும் அதே நெனப்பு எனக்கு."

நிறைமதி கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி அவளை உட்காரவைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். "எலி இப்ப முதல் கட்டத்துல நிக்குது."

மறுபக்கத் தடுப்புக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த செல்போன் பாட்டு சட்டென்று நின்றது.