கண் மட்டும் சுருங்காது

"குஞ்சுன்னு எழுதுக்கா, கதை முடிஞ்சுது."

"கிழட்டுக் கூனியைக் குஞ்சுன்னு எழுத என் கை வராது. வேற ஆளைப் பாரு."

ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடாமல் இரண்டு பேரும் சேர்ந்தே பேசினார்கள். குளிர் அறையில் பேச்சோடு வாயிலிருந்து புகையும் வந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அளவு எடுப்பவள் அவள். அவன் கூடப் பிறந்த தம்பி; இப்போது கூடத்துக்கே தலைவன். ஆள் இருக்கும் இடத்தில் 'சார்' என்று கூப்பிட வேண்டும். குளிர் அறைக்குள் மட்டும் 'டா'.

மேசையில் அறுபது கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்கு ஒன்றாக, துருவக் கடலிலிருந்து கப்பல் கொண்டுவந்த கூனி இறால்கள். பல செத்துப் பழுப்புக் கூழாகிவிட்டன. அந்த வாடை அவளுக்குப் பழகியதுதான்.

எல்லாமே பொடிசு. பொடிசு என்றால் இளசு, இளசு என்றால் கடலில் இனம் பெருகுகிறது, பெருகினால் வலை வீசலாம். தம்பி சொன்னது அவ்வளவுதான். மதியம் அறிக்கை போனால் அடுத்த வாரம் மீன்பிடிக் கப்பல்கள் கிளம்பிவிடும்.

இந்தக் குளிர்காலம் கடல் சரியாக உறையவில்லை என்றாள் அவள். பனிக்கட்டியின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டித்தான் இதுகள் வயிற்றைக் கழுவும். பனி இல்லை, பாசி இல்லை. பட்டினி கிடக்கும் கூனி ஓடு கழற்றும்போதெல்லாம் முன்னைவிடச் சின்னதாகி வெளியே வரும். கண் மட்டும் சுருங்காது. பொடி உடம்பில் பெரிய கண் என்றால், முட்டையிட வேண்டிய வயசில் வற்றிப்போனது என்று அர்த்தம்.

கூழாவதற்கு முன்பே அறுபதையும் மூன்று தடவை அளந்துவிட்டாள். ஐம்பத்தொன்றுக்குப் பெரிய கண்.

மிச்சம் இருப்பதையும் வாரிக்கொண்டு வந்தால் அப்புறம் கடலில் என்னடா இருக்கும் என்று கேட்டாள்.

கண்ணளவு எழுதிய பக்கத்தை எடுத்துவிடு என்றான். சொல்லிக்கொண்டே பிஸ்கட்டைக் கடித்தான். அதே விரல்களால் ஒரு கூனியை வாலைப் பிடித்துத் தூக்கி அவளுடைய தாளின் மேல் போட்டான். அது துள்ளித் துள்ளி மையைக் கலைத்தது. விரலைப் போட்டிருந்த கோட்டில் துடைத்துவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தான்.

இந்த மூஞ்சிக்கா மூக்குச் சிந்திவிட்டோம் என்று நினைத்தாள். தன் கையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"தின்னுற வாயால இப்படிப் பேசாதடா. பார்க்கவே சகிக்கல."

அவன் கோபப்படவில்லை. மேலே ஒட்டிய பிஸ்கட் துகள்களை நிதானமாகத் தட்டிவிட்டான். குரல் சின்னப் பிள்ளையில் அவளிடம் பேசிய குரலாகிவிட்டது.

"போன வருஷமும் இதே பெரிய கண்ணுதானேக்கா. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டு எனக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது யாரு? நான் கேட்டேனா?"