முளைக்குச்சியில் சாமந்தி

மாடு கட்டும் முளைக்குச்சிக்குக் கிருஷ்ணசாமி ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தார்.

கால்நடை மருத்துவர் கலைப்பிரியா வண்டியை நிறுத்தியதும், அதைக் காட்டிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறைசினைங்க டாக்டரம்மா. ஓடைத் தண்ணி வந்து அப்படியே இழுத்துக்கினு போயிடுச்சி. கடைசியா என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சி பாருங்க..."

வெள்ளத்தில் செத்த மாட்டுக்கு அரசு நிவாரணம் உண்டு. உடல் கிடைத்தால் வேலை சுலபம். காதில் தொங்கும் வில்லையின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்தால் போதும். தண்ணீர் அடித்துக்கொண்டு போன மாட்டுக்கு அந்த வசதி இல்லை. மருத்துவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். நம்பினால்தான் கையெழுத்து.

அதற்காகத்தான் கலைப்பிரியா விழுப்புரத்திலிருந்து கெடாருக்கு வந்திருந்தார். முக்கால்வாசி நம்பியும்விட்டார். பேனா மூடி திறந்திருந்தது.

கிருஷ்ணசாமியின் மனைவி வேணி மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்து மருத்துவரின் கையில் கொடுத்தாள்.

தட்டில் வெல்ல நிறத்தில் சதுரம் சதுரமாகத் துண்டுகள்.

கிருஷ்ணசாமியின் அழுகை பாதியில் நின்றது.

"அது... பக்கத்து வூட்ல குடுத்தாங்க."

சீம்பால். கன்று போட்ட மாடு முதலில் கறக்கும் பால். உறை ஊற்ற வேண்டாம், மாவு கலக்க வேண்டாம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் தானாகவே இறுகும். முதல் நாள் பால் கத்தியால் அறுக்கிற அளவுக்குக் கெட்டிப்படும். மறுநாள் பால் குழையும். அப்புறம் போகப் போக அது வெறும் பால்தான்.

கலைப்பிரியா ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரம் சிதையவில்லை.

இந்த ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர் அவர்தான். இந்த மாதம் கன்று போட வேண்டியது ஒரே ஒரு மாடு.

அவர் நிதானமாக இரண்டு துண்டு சாப்பிட்டார். பேனாவை மூடினார். பிறகு வேணியைப் பார்த்துக் கேட்டார்.

"நஞ்சு வுழுந்துச்சாம்மா?"

கன்று போட்ட சில மணி நேரத்தில் நஞ்சுக்கொடி தானாக விழுந்துவிட வேண்டும். தங்கிவிட்டால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. கையால் இழுக்கவும் கூடாது. மருத்துவர் வேண்டும்.

"விடிகாலைல கன்னு போட்டுச்சி. பொழுது சாயப் போவுது, இன்னும் வுழல டாக்டரம்மா." இப்போதுதான் வேணிக்குக் கண் கலங்கியது. "உங்களக் கூப்புடுய்யான்னா, செத்த மாட்டுக்கு எப்புட்றி டாக்டரக் கூப்புட்றதுன்றாரு இந்த ஆளு!"

தண்ணீரோடு போன மாடு, விண்ணப்பம் கொடுத்த மறுநாளே தானாக நடந்து வீடு வந்திருந்தது.

கலைப்பிரியா வண்டியிலிருந்து பையை எடுத்தார். எங்கே என்று கேட்கக்கூட இல்லை.

கிருஷ்ணசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"கரும்புக் கொல்லைல மோட்டார் கொட்டாய்லதாங்க நிக்குது. சேறு, பாத்து வாங்க."

இருட்டுவதற்குள் நஞ்சு விழுந்தது. விண்ணப்பத்தைக் கிருஷ்ணசாமியே கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மாட்டைக் கன்றோடு ஓட்டிவந்து பழைய இடத்தில் கட்டினார்கள்.

அது முதல் வேலையாக முளைக்குச்சியிலிருந்த சாமந்தியைத் தின்றது.