மூன்றாவது சுற்று

நகரப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: குளத்தைச் சுற்றியுள்ள சாலையில், தக்க காரணமின்றி, ஒரே மாலையில் இரண்டு சுற்றுக்கு மேல் கார் ஓட்டுவதைத் தடை செய்ய நகராட்சி உத்தேசித்துள்ளது. வருங்காலத் தலைமுறையின் நலன் கருதி எடுக்கப்படும் இம்முடிவுக்கு ஆட்சேபம் உள்ளவர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

அவர் மைக்கின் முன்னால் நின்றார்.

ஆட்சேபதாரர் எண் ஒன்று. இரண்டு என்று யாரும் இல்லை.

மேடையில் நகராட்சித் தலைவர் ஆவுடையப்பன். கழுத்தில் ரோஜா மாலை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

தலைவர் ஏற்கெனவே நாற்பது நிமிடம் பேசியாகிவிட்டது. சும்மா காரில் சுற்றுவது பண்பாட்டுச் சீரழிவு. எரிபொருள் வீண். குளத்துப் பறவைகளின் மன அமைதி கெடுகிறது.

குளத்தில் தண்ணீரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. பறவைகளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி. தெனமும் சாயங்காலம் நாலு சுத்து சுத்துதீயளாமே. அப்படி என்ன சோலி?"

அவர் முதல் வரிசையைப் பார்த்தார்.



வீட்டில் ஒன்பது பேர். உள்ளறை இரண்டும் அண்ணன் குடும்பத்துக்கு. இவருக்கும் மனைவிக்கும் கூடத்தில் ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் அண்ணன் தும்மினால், இந்தப் பக்கம் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவு நெருக்கம்.

அவர்கள் இருவருக்கும் கதவு சாத்திக்கொள்ள இருந்த ஒரே அறை அந்தப் பழைய வெள்ளைக் கார்தான். நாலு கதவு.

முதல் சுற்றில் அவள் ஆரம்பிப்பாள்.

இரண்டாவதில் அவர் கத்துவார்.

மூன்றாவதில் பேச்சே இருக்காது. அவள் வறண்ட குளத்தைப் பார்ப்பாள். அவர் ரோட்டைப் பார்ப்பார்.

நாலாவதில் யாராவது ஒருவர் "சரி விடு" என்பார். மற்றவர் விட்டுவிடுவார்.

பதினோரு வருஷமாக இப்படித்தான். மகள் வெளியூர் போய்ப் படித்தது, அவர் சிகரெட்டை விட்டது, அவளுடைய தம்பி கல்யாணத்துக்குப் போனது, எல்லாமே நாலாவது சுற்றில் முடிவானவை.

இந்த வாரம் நடப்பது கொஞ்சம் பெரிய விஷயம். மேலத்தெருவில் ஒரு வீடு வாடகைக்கு வந்திருக்கிறது. சின்ன வீடு. ஆனால் சுவர் இருக்கிறது. தனியாகப் போய்விடலாம் என்கிறாள் அவள். வீட்டுக்காரர் நாளைக் காலைக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

இதை இந்த மைக்கில் சொல்ல முடியாது. முதல் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு ஆதரவு தெரிவிக்க வந்தவர்.

"காத்து வாங்கத்தான்" என்றார் அவர்.

"காத்துக்கு ரெண்டு சுத்து காணாதா?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் தன் நகைச்சுவையை ரசித்துச் சிரித்தார். பேனாவை எடுத்துத் தீர்மானத்தில் வைத்தார்.

பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்தாள். மைக்குக்கு வரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"ரெண்டு சுத்துல எங்களுக்குச் சண்டை போடத்தான் நேரம் இருக்கு. சமாதானம் ஆக இன்னும் ரெண்டு சுத்து வேணும் தலைவரே."



முன்வரிசையில் இருந்த தலைவரின் மனைவி, தலைவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைவர் தண்ணீர் குடித்தார். மாலையைக் கழற்றினார். மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, தீர்மானம் கைவிடப்படுவதாக அறிவித்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரமானது. யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் வந்து தோளில் கை போட்டார்.

"சண்டைய வீட்டுலயே போட்டா என்னடே? நாங்கல்லாம் இல்லியா?"

மாலை ஆறு மணி. கார் குளத்தங்கரைக்குத் திரும்பியது. தலைநிமிர்ந்து திரும்பியது என்றே சொல்லலாம்.

முதல் சுற்று.

"அந்த வீட்டுக்காரருக்கு விடிஞ்சதும் பதில் சொல்லணும்" என்றாள் அவள்.

இரண்டாவது சுற்று.

"அண்ணன் மூஞ்சில நான் எப்படிட்டி முழிக்க?" என்று கத்தினார் அவர்.

கத்திவிட்டுத்தான் கவனித்தார். கரையில் என்றுமில்லாத கூட்டம். கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள். எல்லாருடைய முகமும் காரோடு சேர்ந்து திரும்பியது.

சுண்டல் வண்டி இசக்கி கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணாச்சி, ரெண்டு ஆச்சு! இனி சமாதானந்தான?"

"அதுக்குள்ள எப்படிடே? மதினி மூஞ்சியப் பாரு" என்றது சுவரிலிருந்து ஒரு குரல்.

"நாலாவது சுத்துக்கு நாங்க இருக்கோம் அண்ணாச்சி! நீங்க நிதானமா வாங்க."

யாருக்கும் துளி கெட்ட எண்ணம் கிடையாது. கை தட்டினார்கள்கூட.

அவள் கண்ணாடியை ஏற்றினாள். அப்போதும் இசக்கியின் இரண்டு விரல் தெரிந்தது.

முக்கு வந்தது. நேராகப் போனால் மூன்றாவது சுற்று. இடது பக்கம் வீடு.

தடை ஏதும் இல்லை. போலீஸ்காரரும் இல்லை. சாலை திறந்து கிடந்தது.

அவர் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். அவளும் வீடு இருந்த பக்கம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மேலத்தெரு வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்கள்.