முதல் பொம்மை

மன்னிப்புக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. ‘பத்திரிகைச் சித்திரத்தில் வரும் குடைக் குரங்கைக் காப்பியடித்து மரப்பொம்மை செய்து விற்றேன். இனிச் செய்யமாட்டேன்.’ நான் கையெழுத்துப் போடவேண்டும். மறுத்தால் பத்திரிகைக்காரர்கள் சிங்கப்பூர் கோர்ட்டுக்குப் போவார்கள்.

“இவரு காப்பியடிக்கல சார்,” என்றாள் என் மனைவி லீலா. “அந்தப் படம் வந்தது அறுபத்தொண்ணுல. இவரு அறுபதுலயே முதல் பொம்மையைச் செஞ்சிட்டாரு. நான் பார்த்தேன்.”

எங்கள் வக்கீல் லாசரஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நாமதான் அவங்கமேல கேஸ் போடணும் லா! அந்தப் பொம்மை யாருகிட்ட இருக்கு? அதை வச்சிருக்கிறவங்க வந்து சாட்சி சொன்னா போதும்.”

“தொலைஞ்சுபோச்சு சார்,” என்றேன்.

“நல்லா யோசிங்க மருதப்பன். கையெழுத்துப் போட்டா உங்க ஃபேரர் பார்க் கடையை மூடவேண்டியதுதான்.”

“ஞாபகம் இல்ல.”

“ரெண்டு வாரம் சோறு தண்ணி இல்லாம செதுக்கினது ஞாபகம் இல்லையா?” லீலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “திருடன்னு எழுதிக் குடுக்கப் போறீங்களா? வாயத் திறங்க!”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். லீலா அழுதாள்.

பொம்மை தொலையவில்லை. குடைக் குரங்கை வரையும் ஓவியர் அழகப்பனின் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர் வரைந்திருக்கவேண்டும். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை போலும்.

அங்கே என் பெயருக்குப் பக்கத்தில் அவர் மனைவி பெயரையும் செதுக்கியிருக்கிறேன்.