இரண்டு வீசை அவரைக்காய்

"சந்தையில வாடினதுதான் கெடைக்குதும்மா. இப்பவே செடியில இருந்து பறிச்சுக் குடுத்தீன்னா ரெண்டு வீசை எடுத்துக்கறேன்."

குரல் கேட்டு, அவரைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த வெங்கடம்மா நிமிர்ந்தாள். வரப்பின் மேல் ஓர் அம்மாள் பையோடு நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெளுத்துக் கட்டிய சேலை, காதில் சிவப்புக்கல் கம்மல். சூளகிரி பஸ் ரோட்டிலிருந்து இந்தக் கொல்லைக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். காய் வாங்குவதற்காக அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களை வெங்கடம்மா பார்த்ததே இல்லை.

"எந்த ஊருங்கம்மா?"

"காவேரிப்பட்டினம். மார்கழி அவரைன்னா இந்தப் பக்கத்து அவரைதான்னு சொன்னாங்க."

"பனி காயறதுக்குள்ள பறிக்கணுங்க. வெயில் ஏறினா வாசனை போயிடும்."

வெங்கடம்மா முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பறிக்கத் தொடங்கினாள். அந்த அம்மாள் ஒரு காயை வாங்கி முகர்ந்துவிட்டு, விரலில் ஒட்டிய பிசுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் கண் காயில் இல்லை. கிணற்றையும், மாட்டுக் கொட்டகையையும், மேட்டில் இருந்த வீட்டையும் மாறி மாறி அளந்துகொண்டிருந்தது.

"இது கோவிந்தப்பன் கொல்லைதானே?"

வெங்கடம்மாவின் கை நின்றது. காய் வாங்க வந்தவளுக்குப் புருஷன் பெயர் எதற்கு?

"ஆமாங்க. அவரு ஊர்ல இல்லீங்க."

"தெரியும்" என்ற அந்த அம்மாள், சட்டென்று, "பஸ்ஸுல யாரோ பேசிக்கிட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

தீபாவளி கழிந்ததிலிருந்தே கோவிந்தப்பன் வீட்டில் தங்குவதில்லை. மாந்தோப்புக் குத்தகை பேசப் போகிறேன் என்று காவேரிப்பட்டினம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான். போன வாரம் வந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு" என்றான். கொல்லையை விற்கத்தான் இந்த மினுக்கு என்று அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. இப்போது இவள் வந்து நிற்கிறாள்.

"கோடையில கெணத்துல தண்ணி நிக்குமா?"

"ஏதோ நிக்குங்க." வேண்டுமென்றே குறைத்துச் சொன்னாள்.

"மாடு எத்தனை?"

"ரெண்டு எருது, ஒரு பசு."

"ராகி வீட்டுச் சாப்பாட்டுக்குப் போதுமா?"

"போதுங்க. முறம் ரொம்பிடுச்சு, பையைக் குடுங்கம்மா."

அவள் பையைக் கொடுக்கவில்லை. "தாகமா இருக்குது. வீட்டுல கொஞ்சம் தண்ணி குடேன்" என்றாள்.

தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வது? வெங்கடம்மா முன்னால் நடந்தாள். பின்னால் வந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்று சுவரைத் தடவிப் பார்த்தாள். தண்ணீருக்குப் பதிலாக வெங்கடம்மா கொடுத்த மோரைக் கையில் வாங்கிக்கொண்டு அடுப்பங்கரை வரை எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுல கொழந்தைங்க யாரும் இல்லையா?"

"இல்லீங்க."

அதைச் சொல்ல அவளுக்கு எப்போதும் வருத்தம்தான். ஆனால் அந்த அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை வெங்கடம்மா பார்த்தாள். ஒரே மடக்கில் மோரைக் குடித்துவிட்டு, "நல்ல வீடு. எனக்கு மனசு ரொம்பிப்போச்சு" என்றாள்.

அதற்கு மேல் வெங்கடம்மாவால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நீங்க காய்க்கு வரலே. கொல்லையை வாங்கத்தான் வந்திருக்கீங்க. அவரு என்ன சொல்லியிருந்தாலும் சரிங்க, இதை விக்க நான் விடமாட்டேன். இந்தக் கெணத்து மண்ணை என் தலையில சொமந்து கொட்டியிருக்கேன். இதை விட்டா எனக்குப் போக்கிடம் கெடையாதுங்க!"

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்து, வெங்கடம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடி பைத்தியமே! கொல்லையை வாங்க நான் யாரு? ஒருத்தருக்கும் தெரியாம வீடு வாசலைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் காய் சாக்குல வந்தேன். உன்னை இங்கேயிருந்து யாரும் போகச் சொல்லமாட்டாங்க. உங்கண்ணன் கூடவே நீ பாட்டுக்கு இரு."

"எங்கண்ணனா?"

"கோவிந்தப்பனுக்கு நீ தங்கச்சிதானே? வீட்டைத் தங்கச்சிதான் பார்த்துக்குதுன்னு சொன்னாரே."

வெங்கடம்மா கையை உருவிக்கொண்டாள். "அவரு என் வீட்டுக்காரருங்க. என்னைக் கட்டி இந்தத் தையோட பதினாலு வருசம் ஆவுது."

அந்த அம்மாளின் சிரிப்பு அப்படியே வற்றியது. வெங்கடம்மாவின் கழுத்துத் தாலியை உற்றுப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்:

"உம் பேரு என்னம்மா?"

"வெங்கடம்மா."

அந்த அம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்டாட்டி வெங்கடம்மா செத்து ரெண்டு வருசம் ஆச்சுன்னு சத்தியம் பண்ணித்தானேடி, என் பொண்ணைக் கட்டிக்கத் தையில நாள் குறிச்சிட்டுப் போனான்!"